தெருவைக் காப்பவர் யார்?

நடந்த குற்றத்தை எண்ணிக் கணக்கிடலாம். நடவாத குற்றத்தை எவ்வாறு எண்ணுவது? ஓர் இரவு முழுவதும் நம் தெருவில் ஒரு கதவும் உடைபடவில்லை, ஒரு மிதிவண்டியும் காணாமற்போகவில்லை என்று வைத்துக்கொள்வோம். அது காவலர் ரோந்து வந்ததன் பயனா? எதிர்வீட்டுப் பாட்டியார் உறக்கம் வராமல் திண்ணையில் அமர்ந்திருந்ததன் பயனா? அல்லது அன்று திருடனுக்குக் காய்ச்சலா? எவராலும் உறுதியாகச் சொல்ல இயலாது. திருடனைப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்திய அதிகாரிக்குச் செய்தித்தாளில் படம் வருகின்றது. திருட்டே நிகழாமல் செய்தவருக்குப் படமும் இல்லை, பதக்கமும் இல்லை. அதனால்தானோ என்னவோ, போலீஸ் என்றவுடன் மாணவர்கள் பலருக்குத் துரத்துவதும் பிடிப்பதுமே நினைவுக்கு வருகின்றன. திரைப்படங்களும் அந்த எண்ணத்தையே வளர்க்கின்றன. துரத்துவதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலையைப்பற்றி, அதாவது குற்றம் நிகழாமல் ஒரு தெருவை வைத்திருப்பதைப்பற்றி, இன்று உங்களுடன் பேச விரும்புகின்றேன்.

காவற்படை என்ற ஒன்றை இக்காலத்து முறையில் அமைத்தபோதே அதன் முதல் நோக்கம் தடுப்பது என்றுதான் சொன்னார்கள். 1829ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் உள்நாட்டு அமைச்சராக இருந்த சர் ராபர்ட் பீல், இலண்டன் மாநகருக்கெனச் சம்பளம் பெறும் காவற்படை ஒன்றை நிறுவினார். அவ்வாண்டு செப்டம்பர் 29ஆம் நாள் அப்படையினர் முதன்முறையாகத் தெருவில் இறங்கி நடந்தனர். பட்டாளத்தார் சிவப்புச் சட்டை அணிந்தமையால், அவர்களைப்போல் தோன்றக்கூடாது என்று இவர்களுக்கு நீலச் சட்டை கொடுக்கப்பட்டது. கையில் துப்பாக்கி இல்லை. ஒரு குறுந்தடியும், ஆள் கூட்டுவதற்கு ஓசையெழுப்பும் ஒரு மரக் கிலுகிலுப்பையுமே இருந்தன. குற்றத்தைத் தடுப்பதே தலையாய கடமை என்று அவர்களுக்கு எழுத்திலேயே ஆணை இருந்தது. பீல் எழுதிய ஒன்பது கோட்பாடுகள் என்று பல நூல்களில் ஒரு பட்டியல் காணப்படும். அதனை அவரே எழுதினார் என்பதற்குச் சான்றில்லை. பின்னால் வந்தவர்கள் தொகுத்து அவர் பெயரில் வழங்கவிட்டனர். பட்டியல் யாருடையதாயினும், காவலர் என்பவர் பொதுமக்களுள் ஒருவரே என்ற கருத்து அதில் இருக்கின்றது. அக்கருத்து மெய்யாகும்போது தெரு அமைதியாக இருக்கின்றது. பொய்யாகும்போது நேர்வதைப் பின்னர்ச் சொல்லுகின்றேன்.

நமக்கு இஃது இலண்டனிலிருந்து வந்த புதுமையன்று. போலீஸைக் குறிக்க நாம் வழங்கும் ‘காவல்’ என்ற சொல்லே தடுத்தலைத்தான் சொல்லுகின்றது. பயிரைக் காப்பவர், கதவைக் காப்பவர், ஊரைக் காப்பவர் எல்லோரும் காவலரே. மதுரைக்காஞ்சியைப் படித்த மாணவர்கள், நள்ளிரவில் மதுரைத் தெருக்களைச் சுற்றிவரும் ஊர்க்காவலரை அறிவார்கள். இருட்டோடு இருட்டாகக் கலந்துவிடும் நிறத்தில் ஆடை உடுத்து, நூலேணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு வரும் திருடரையும் அப்புலவர் காட்டுகின்றார். மழை பெய்து தெருவில் நீர் ஓடும் நேரத்திலும் சோம்பாமல் காவலர் எழுந்து போனார்கள் என்கின்றார். திருடனுக்கு வசதியான நேரம் எதுவோ அதுவே காவலுக்கு வேண்டிய நேரம் என்பதை அக்காலத்தார் அறிந்திருந்தனர்.

பிற்காலத்தில், தென்மாவட்டங்களின் சிற்றூர்களில் காவல் ஓர் ஒப்பந்தமாக நின்றது. ஊரைக் காக்கும் பொறுப்பை ஒருவரோ ஒரு குழுவினரோ ஏற்பர். அறுவடையில் அவர்களுக்கு ஒரு பங்கு உண்டு. ஊரில் திருட்டு நிகழ்ந்தால் அவர்கள் பொருளை மீட்டுத் தரவேண்டும். மீட்க இயலாவிட்டால் ஈடு கட்டவேண்டும். நன்கு கவனியுங்கள்: திருட்டு நடந்தால் காவலருக்கு நட்டம். தடுப்பதில் காவலருக்கே ஆதாயம் இருக்குமாறு அமைந்த ஏற்பாடு அது. ஏட்டளவில் இதைவிட நல்ல முறையை நினைப்பதற்கும் அரிது.

ஆனால் இதே முறை கெட்டுப்போன கதையும் நம் நாட்டுக் கதையே. ஊரின் ஒவ்வொரு கொல்லைப்புறமும், ஒவ்வொரு மாட்டுத்தொழுவமும், எந்த வீட்டில் ஆண்பிள்ளை வெளியூர் போயிருக்கின்றார் என்பதும் அறிந்தவர் காவல்காரர். அந்த அறிவு காப்பதற்கும் உதவும், கவர்வதற்கும் உதவும். காவற்கூலி தர மறுத்த ஊர்களில் மாடுகள் காணாமற்போகத் தொடங்கின. சில நாள் கழித்து எவரோ ஒருவர் வந்து, இன்ன தொகை தந்தால் மாடு இன்ன இடத்தில் கட்டியிருக்கும் என்று சொல்லுவார். இதற்குத் ‘துப்புக்கூலி’ என்று பெயர். திருட்டுக்குத் துப்புக் கொடுப்பவருக்குக் கூலி. திருடியவரும் அவருக்கு வேண்டியவரே! 1896ஆம் ஆண்டளவில் திண்டுக்கல் பக்கத்துக் குடியானவர்கள் இந்தக் காவல்முறையை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தனர் என்றால், அது எவ்வளவு சுமையாகியிருந்தது என்பதை நீங்களே உணரலாம்.

அரசாங்கத்தின் பக்கத்திலும் நிலைமை நன்றாக இல்லை. சென்னை இராசதானியில் வரி தண்டும் தாசில்தாரே போலீஸ் தலைவராகவும் இருந்தார். வரிக்காகவும் வாக்குமூலத்துக்காகவும் மக்களைத் துன்புறுத்துகின்றார்கள் என்ற முறையீடு பெருகி, அதனை ஆராய அமைந்த குழு 1855இல் அறிக்கை தந்தது. 1859இல் சென்னைக்கெனத் தனிப் போலீஸ் சட்டம் பிறந்தது. 1861இல் இந்தியா முழுமைக்கும் ஒரு சட்டம் வந்தது. சீருடை வந்தது, பதவிப்படிகள் வந்தன, ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு மாற்றலும் வந்தது. ஊரின் மாட்டுத்தொழுவத்தை அறிந்த காவல்காரர் போய், ஊரின் பெயரையே புதிதாகக் கேட்கும் காவலர் வந்தார். ஊரை விற்கத் தெரியாதவர் அவர், உண்மைதான். ஊரைத் தெரியாதவரும் அவரே.

இந்தப் பிளவு உலகெங்கும் நிகழ்ந்தது. மோட்டார் வண்டி வந்தபின் அது விரிந்தது. அமெரிக்க நகரங்களில் காவலர் காரில் ஏறினர். காரில் கம்பியில்லாத் தந்திக் கருவி பொருத்தப்பட்டது. அழைத்தவுடன் விரைந்து வரலாம், ஒருவரே பத்துத் தெருக்களைச் சுற்றலாம் என்றார்கள். விரைவு கிடைத்தது. ஆனால் முப்பது மைல் வேகத்தில் போகிறவருக்குத் திண்ணையில் இருப்பவர் யாரென்று எப்படித் தெரியும்? வண்டிகள் சுற்றிச் சுற்றி வருவதால் குற்றம் குறைகின்றது என்று எல்லோரும் நம்பினர். எவரும் சோதித்துப் பார்த்ததில்லை. கான்சாஸ் நகரத்துப் போலீஸார் 1972 அக்டோபர் முதல் ஓராண்டு அதனைச் சோதித்தனர். நகரின் தென்பகுதியில் 15 ரோந்து வட்டாரங்களை எடுத்துக்கொண்டு மூன்று பிரிவாக்கினர். ஐந்து வட்டாரங்களில் வழக்கமான ரோந்தை அடியோடு நிறுத்தினர். அழைத்தால் மட்டும் வண்டி வரும். ஐந்தில் வழக்கம்போல ரோந்து. மற்ற ஐந்தில் இரண்டு மூன்று மடங்கு வண்டிகள். ஆண்டு முடிவில் குற்றங்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு ஒன்றும் இல்லை. அதைவிட வேடிக்கை, ரோந்து நின்றதையோ கூடியதையோ அங்கு வாழ்ந்த மக்கள் பெரும்பாலும் கவனிக்கவே இல்லை.

இதிலிருந்து காவலரே வேண்டாம் என்று சிலர் முடிவுகட்டினர். அது தவறு. அழைத்தால் வருவதற்குக்கூட ஆள் இல்லாத நிலையை அந்தச் சோதனை ஆராயவில்லை. தெருவைப் பார்க்காமல் தெருவின் வழியே போவதனால் பயனில்லை என்பதையே அது காட்டியது. அப்படியானால் பார்த்தால் என்ன ஆகும்? இதற்கு விடை சொல்லும் ஓர் ஊரைப்பற்றிச் சற்று விரிவாகவே சொல்லுகின்றேன்.

இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகருக்கு அருகே ராச்டேல் என்ற ஊர் உள்ளது. அதன் ஒரு பகுதி கிர்க்ஹோல்ட். நகராட்சி கட்டி வாடகைக்கு விட்ட வீடுகள் ஏறத்தாழ 2,300 அங்கே இருந்தன. எளிய குடும்பங்கள், வேலையில்லாதோர் பலர். 1980க்குப் பிந்திய ஆண்டுகளில் அப்பகுதி வீடுடைத்துத் திருடுவதற்குப் பெயர்போனதாய் இருந்தது. நம் ஊர்களில் ‘கன்னம் வைத்தல்’ என்று சொல்லும் குற்றம் அது. 1986ஆம் ஆண்டில் போலீஸார், குற்றவாளிகளின் நன்னடத்தையைக் கண்காணிக்கும் அதிகாரிகள், மான்செஸ்டர் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் ஆகியோர் கூடி ஒரு திட்டம் வகுத்தனர். பூட்டு வாங்குங்கள் என்று துண்டறிக்கை அச்சிட்டு வழங்குவது எளிது. அவர்கள் அதைச் செய்யவில்லை, முதலில் கேட்டார்கள். திருட்டுக் கொடுத்த வீட்டாரைக் கேட்டார்கள், பக்கத்து வீட்டாரைக் கேட்டார்கள், திருடிப் பிடிபட்டவர்களையும் உட்காரவைத்துக் கேட்டார்கள். எந்த வீட்டை, ஏன், எந்த நேரத்தில், எந்த வழியாக என்று நுணுக்கமாகக் கேட்டார்கள்.

கேட்டதில் மூன்று செய்திகள் வெளிவந்தன. திருடியவர்களுள் பலர் எங்கிருந்தோ வந்தவர் அல்லர், அருகிலேயே வாழ்ந்தவர்கள். இரண்டாவது செய்தி அந்த வீடுகளில் இருந்த ஒரு பெட்டியைப் பற்றியது. வாயுவுக்கும் மின்சாரத்துக்கும் காசு போட்டுப் பெறும் அளவைப்பெட்டி அங்கே வீட்டுக்கு வீடு இருந்தது. ஏழைக் குடும்பம் நாள்தோறும் போடும் காசு அந்தப் பெட்டியில் சேர்ந்துகொண்டே போகும். ஒவ்வொரு வீட்டிலும் ஓர் உண்டியலை வைத்து, அது இருக்குமிடத்தையும் ஊரறியச் செய்ததுபோலாயிற்று. திருட்டுகள் பலவற்றில் களவுபோனது அந்தக் காசுதான். மூன்றாவது செய்தி எல்லாவற்றிலும் வியப்பானது. ஒருமுறை திருட்டுப் போன வீட்டில் மீண்டும் திருட்டு நிகழ்வதற்கான வாய்ப்பு, மற்ற வீடுகளுக்கு இருப்பதைப்போல் நான்கு மடங்கு! ‘இனிமேல் இங்கு வரமாட்டான்’ என்று நாம் ஆறுதல் சொல்லுகின்றோமே, அதற்கு நேர்மாறானது உண்மை. வழி தெரிந்துவிட்டது, பூட்டின் பலவீனம் தெரிந்துவிட்டது. போன பொருளுக்குப் பதிலாகப் புதுப்பொருள் வாங்கி வைப்பார்கள் என்பதும் தெரியும். ஏன் வராமல் இருப்பான்?

ஆகவே ஊர் முழுவதையும் காப்பது என்ற பெருங்கனவை விட்டு, திருட்டுப் போன வீட்டை மறுநாளே காப்பது என்ற சிறு வேலையைத் தொடங்கினர். காசுப்பெட்டிகளை நீக்கி, காசில்லாமல் இயங்கும் அளவைப்பெட்டிகளை வைக்க ஏற்பாடு செய்தனர். எந்த வழியாகத் திருடர் நுழைந்தனரோ அந்தக் கதவையும் சன்னலையும் பலப்படுத்தினர். பின்னர்த்தான் அண்டை வீட்டாரிடம் சென்றனர். திருட்டுப் போன வீட்டைச் சுற்றியுள்ள ஆறு வீடுகள் அளவில், ‘சில வாரங்களுக்கு இந்த வீட்டின்மேல் ஒரு கண் வைத்திருங்கள்’ என்று கேட்டுக்கொண்டனர். பட்டுப்பூச்சியைச் சுற்றிய கூடுபோல அந்த வீட்டைச் சுற்றி ஒரு காவல் அமைந்தது. ஊர்க்கூட்டம் இல்லை, கொடி இல்லை, தலைவர் தேர்தல் இல்லை. ஆறு வீட்டுக்காரர், ஒரு வீடு, சில வாரங்கள். மூன்றாண்டுகளில் கிர்க்ஹோல்டின் வீட்டுத்திருட்டு நூற்றுக்கு எழுபத்தைந்து அளவு குறைந்தது. இத்திட்டத்தை வேறிடங்களில் பின்பற்றியபோது எங்கும் இதே வெற்றி கிடைத்ததென்று சொல்லமுடியாது. அங்கெல்லாம் கூட்டையும் பூட்டையும் எடுத்துக்கொண்டார்கள். முதலில் உட்கார்ந்து கேட்ட வேலையைச் சில இடங்களில் விட்டுவிட்டார்கள் என்பது என் கருத்து. கிர்க்ஹோல்டின் உண்டியலை நம் தெருவில் தேடினால் கிடைக்காது. நம் தெருவின் உண்டியல் எது என்று நாம்தான் கேட்டு அறியவேண்டும்.

இங்கே ஓர் ஐயம் எழும். இத்தெருவில் தடுத்தால் திருடன் அடுத்த தெருவுக்குப் போகமாட்டானா? போகலாம். ஆயினும் பல நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகள், தடுக்கப்பட்ட குற்றமெல்லாம் அப்படியே இடம்பெயர்வதில்லை என்று காட்டியிருக்கின்றன. குற்றங்களுள் பெரும்பகுதி, வழி எளிதாகத் திறந்திருப்பதைக் கண்டு நிகழ்பவை. வழி அடைபட்டபின் பலர் வேறு வழி தேடி அலைவதில்லை.

தெருவை அறிவதையே முறையாக்கிக்கொண்ட நாடு சப்பான். அங்கே ‘கோபன்’ என்னும் சிறு காவற்கூடங்கள் நகரத்தின் தெருமுனைகளில் உள்ளன. 1874ஆம் ஆண்டு தோக்கியோவில் தொடங்கிய முறையிலிருந்து வளர்ந்தவை; இன்று நாடெங்கும் ஏறத்தாழ 6,000 இருக்கின்றன. வழி கேட்பவருக்கு வரைபடத்தில் வழி காட்டுவதும், கண்டெடுத்த பணப்பையை வாங்கி வைப்பதும் அங்குள்ள காவலரின் அன்றாடப் பணி. சிற்றூர்களில் காவலர் குடும்பத்தோடு அக்காவற்கூடத்திலேயே குடியிருப்பார். அவர் ரோந்து போனபோது வருபவருக்கு அவர் மனைவியார் விடை சொல்லுவார். காவலர் ஆண்டுக்கு ஓரிரு முறை வீடுவீடாகச் சென்று, யார் யார் இருக்கின்றீர்கள், அவசரத்தில் யாருக்குச் சொல்லவேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொள்வதும் உண்டு. சிங்கப்பூர் அரசாங்கம் இம்முறையைப் பார்த்து 1983இல் தோவா பாயோ வட்டாரத்தில் தன் முதல் அண்டைப்புறக் காவல் நிலையத்தைத் திறந்தது. அடுக்குமாடி வீடுகளின் அடித்தளத்திலேயே அத்தகைய நிலையங்கள் அமைந்தன. தமிழர் உள்ளிட்ட பல இனத்தார் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கும் நகரம் அது. அங்குச் சீருடைக்காரர் ஒருவர் பெயர் சொல்லி அழைக்கும் தொலைவில் இருப்பதன் பயனைச் சொல்லவும் வேண்டுமோ!

வீட்டுக்குள் யார் யார் என்று போலீஸார் கேட்டுக் குறித்துக்கொள்வதைச் சப்பானியரிலும் எல்லோரும் விரும்புவதில்லை. நமக்கும் அந்தத் தயக்கம் எழவேண்டும். நான் முன்பு ஒத்திவைத்த செய்திக்கு இப்போது வருகின்றேன்.

சிலப்பதிகாரத்தில் கோவலன் கொலையுண்ட இடத்தை மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். கொலை செய்ய வந்த காவலர் அவனைக் கண்டவுடன் தயங்குகின்றனர். இவன் திருடனைப்போல் தோன்றவில்லையே என்கின்றனர். அருகிலிருந்த பொற்கொல்லன் சிரித்து, திருடர்க்கு உதவும் பொருள்கள் எட்டு என்று தொடங்கி மந்திரம், தெய்வம், மருந்து முதலாக அடுக்கி ஒரு சொற்பொழிவே ஆற்றிவிடுகின்றான். காவலருள் ஒருவன் வாளை வீசிவிடுகின்றான். கோவலன் செய்த குற்றம் என்ன? அந்த ஊருக்கு அவன் புதியவன். கையில் விலையுயர்ந்த சிலம்பு வைத்திருந்தான். அவனுக்காகச் சொல்ல அத்தெருவில் ஒருவரும் இல்லை. மாதரியின் வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கேட்டிருந்தால் போதும். ‘சந்தேகத்துக்கு இடமானவர்களைக் கண்டால் சொல்லுங்கள்’ என்று நாம் எழுதி ஒட்டும்போதெல்லாம், அயலார் என்பதைத் தவிர வேறு குற்றம் செய்யாத ஒருவர் அந்தச் சொல்லின்கீழ் வந்து நின்றுவிடுகின்றார்.

சந்தேகத்தைச் சட்டமாகவே எழுதிய காலமும் நம் நாட்டில் இருந்தது. 1871ஆம் ஆண்டு குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. 1911க்குப் பின் அது சென்னை இராசதானியிலும் கைக்கொள்ளப்பட்டது. இன்ன சமூகத்தில் பிறந்தவர் என்ற ஒன்றுக்காகவே, ஒரு திருட்டும் செய்யாத ஆடவர்கள் பதிவேட்டில் பெயர் எழுதப்பட்டனர். இரவில் காவல் நிலையத்தில் வந்து படுத்திருக்கவேண்டும் என்று கட்டளையிடப்பட்டனர். சென்னையில் 1947இலும், நாடு முழுவதிலும் 1952இலும் அச்சட்டம் நீங்கியது. அதுவும் குற்றத் தடுப்பு என்ற பெயரில்தான் நடந்தது என்பதை மறவாதீர்கள்.

அண்மைக்காலச் செய்தி ஒன்றும் உண்டு. 1993ஆம் ஆண்டு இராமநாதபுரம் மாவட்டத்தில் காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப், போலீஸாருக்குப் பொதுமக்களுள் நல்லோர் துணை நிற்கும் ‘ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ என்னும் இயக்கத்தைத் தொடங்கினார். தொண்டர்கள் தகவல் சொல்லலாம், ரோந்தில் துணை போகலாம், திருவிழாக் கூட்டத்தை ஒழுங்குசெய்யலாம். இயக்கம் மாநிலமெங்கும் பரவியது, வெளிநாட்டாரும் பாராட்டினர். 2020 ஜூன் மாதத்தில் சாத்தான்குளத்தில் போலீஸ் காவலில் வைக்கப்பட்ட தந்தையும் மகனும் உயிரிழந்தனர். நாடே கொதித்தெழுந்தது. காவல் நிலையத்தில் தொண்டர் சிலரும் இருந்தனர் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அவர்கள் எங்களைச் சேர்ந்தவர் அல்லர் என்று இயக்கத்தார் மறுத்தனர். அடுத்த மாதமே அரசாங்கம் மாநிலம் முழுவதும் அவ்வியக்கத்துக்குத் தடை விதித்தது. இருபத்தேழு ஆண்டு வேலை சில நாட்களில் நின்றது. அதில் நல்ல தொண்டாற்றியவர் எத்தனையோ பேர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சட்டம் தராத அதிகாரத்தை ஒரு தொப்பியோ அடையாள அட்டையோ தந்துவிடுகின்றது. அதை அணிந்தவர் எல்லை மீறினால் யாரிடம் முறையிடுவது, யார் அவரை விசாரிப்பது என்ற கேள்விக்கு முன்பே விடை எழுதிவைத்திருக்க வேண்டும். அக்காலத்துக் காவல்காரரிடம் ஊர் கேட்க மறந்த கேள்வியும் இதுவே.

அப்படியானால் அண்டை வீட்டார் என்னதான் செய்யலாம்? அதிகாரம் எதுவும் வேண்டாத வேலைகள் பல இருக்கின்றன. 1999ஆம் ஆண்டு முதல் சில காலம் திருச்சிராப்பள்ளி மாநகரக் காவல் ஆணையராக இருந்த ஜே. கே. திரிபாதி செய்த ஏற்பாடு ஒன்றைச் சொல்லலாம். நகரைச் சிறு வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் குறிப்பிட்ட காவலர்களின் பொறுப்பாக்கினார். இந்தத் தெருவுக்கு இந்தக் காவலர் என்று மக்களுக்குத் தெரிந்தது. பூட்டிய புகார்ப்பெட்டிகளையும் ஆங்காங்கே வைத்தார். பெயர் எழுத அஞ்சுபவர் பெயரின்றியே எழுதிப் போடலாம். நிலையத்தின் படியேற அஞ்சும் பெண்களுக்கு அப்பெட்டி எவ்வளவு உதவியிருக்கும்! இத்தகைய ஏற்பாடுகளுக்கு ஒரு குறை உண்டு. ஓர் அதிகாரியின் ஆர்வத்தில் எழுவது, அவர் மாற்றலாகிப் போனபின் தளர்ந்துவிடுகின்றது. காவலர் மாறினாலும் தெரு மாறுவதில்லை; ஆகவே தெரு தன் பங்குக்கு எதையாவது நினைவில் வைத்திருக்க வேண்டும்.

நம் ஊரில் பட்டாப் புத்தகம் என்று காவலர் வழக்கில் சொல்லும் ஒரு சிறு புத்தகம் உண்டு. இரவு ரோந்து வரும் காவலர் குறிப்பிட்ட வீட்டிலோ வங்கி வாயிலிலோ உள்ள அப்புத்தகத்தில் நேரம் குறித்துக் கையெழுத்திட வேண்டும். குடும்பத்தோடு வெளியூர் போகிறவர், முன்பே காவல் நிலையத்தில் சொல்லிச் சென்றால் பூட்டிய வீட்டையும் ரோந்தில் சேர்த்துக்கொள்வார்கள். நம்மில் எத்தனை பேர் சொல்லிவிட்டுப் போகின்றோம்? போகும் செய்தியை முகநூலில் உலகுக்கெல்லாம் அறிவிக்கின்றோம். அடுத்த தெருவிலுள்ள நிலையத்துக்கு அறிவிப்பதில்லை. வாசலில் நான்கு நாள் செய்தித்தாள் குவிந்து கிடந்தால் அதுவே ஒரு விளம்பரப் பலகை. பக்கத்து வீட்டு மாணவர் அதை எடுத்து உள்ளே வைத்தால், மாலையில் வாசல்விளக்கைப் போட்டால், அது கிர்க்ஹோல்டில் ஆறு வீட்டார் செய்த வேலையே.

சென்னையில் 2017க்குப் பின் ‘மூன்றாவது கண்’ என்று பெயரிட்டு, கடைக்காரர், குடியிருப்போர் துணையுடன் தெருத்தோறும் கண்காணிப்புக் கேமராக்களைப் பொருத்தினர். குற்றம் நடந்தபின் ஆளைக் கண்டறிய அவை பெரிதும் உதவுகின்றன. ஆனால் கேமரா பார்க்கும்; தெரிந்துகொள்ளாது. வீதியில் நிற்பவர் சங்கிலி பறிக்க நிற்கின்றாரா, மகளின் பள்ளி விடுவதற்குக் காத்திருக்கின்றாரா என்பது எங்கள் தெருவில் கீரை விற்கும் அம்மையாருக்குத் தெரியும், கேமராவுக்குத் தெரியாது.

கண்ணெதிரே குற்றம் நடந்தால் மாணவர்கள் துரத்திக்கொண்டு ஓடவேண்டா. திருடனைப் பிடித்துக் கட்டிவைத்து அடிப்பதும் குற்றமே. சில இடங்களில் அது கொலையிலும் முடிந்திருக்கின்றது, அடிபட்டவர் குற்றமற்றவர் என்பதும் பின்னால் தெரிந்திருக்கின்றது. வண்டி எண்ணையும், போன திசையையும், உடையையும் குறித்துக்கொண்டு 112 என்ற எண்ணை அழைப்பதே போதும்.

இப்போது திருடன் நூலேணி கட்டி வருவதில்லை. தொலைபேசி வழியாக வருகின்றான். நான் போலீஸ் அதிகாரி பேசுகின்றேன், உங்கள் பெயரில் போதைப்பொருட் பொட்டலம் வந்திருக்கின்றது, உங்களை ‘டிஜிட்டல் கைது’ செய்திருக்கின்றோம், அறையைவிட்டு வெளியே வராதீர்கள், யாரிடமும் சொல்லாதீர்கள் என்று மிரட்டுகின்றான். ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் மருத்துவர்களும் வாழ்நாட் சேமிப்பை இவ்வாறு இழந்திருக்கின்றனர். டிஜிட்டல் கைது என்று ஒன்று நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. எந்தக் காவலரும் தொலைபேசியில் கைது செய்வதில்லை. வழக்கை முடிக்கப் பணம் அனுப்பச் சொல்லுவதும் இல்லை. அந்தத் திருடன் முதலில் கேட்பது பணத்தையன்று. ‘யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்ற வாக்குறுதியைத்தான் கேட்கின்றான். அண்டை வீட்டார் ஒருவர் வந்து கதவைத் தட்டி, இரண்டு நாளாய் வெளியே காணோமே என்று கேட்டால் அவன் வலை அறுந்துபோகும். பணம் போய்விட்டதென்றால் 1930 என்ற எண்ணுக்கு உடனே சொல்லவேண்டும். விரைந்து சொன்னால் அத்தொகை கைமாறுமுன் வங்கியில் நிறுத்திவைக்க வழியுண்டு. தனியே வாழும் முதியவர் உங்கள் தெருவில் இருந்தால், அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி அவர் தொலைபேசிக்கு அருகே ஒட்டிக்கொடுங்கள்.